உம் கொட்டுபவர் கையில் கதை

கதை சொல்லும் பாட்டிமார் எல்லோருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். 'தூங்கிட்டியா?' என்று ஒரு கேள்வி வரும். பதில் இல்லையென்றால் அரக்கனும் இளவரசியும் ஏழு கடலுக்கு அப்பால் அப்படியே காத்திருக்க, பாட்டி எழுந்து விளக்கை அணைத்துவிடுவார். நம்மில் பெரும்பாலோர் கதைக்கலையின் முதல் பாடத்தை இப்படித்தான் கற்றோம். கதை என்பது சொல்பவர் ஒருவரின் உடைமை அன்று. கேட்பவரின் ஓரசைச் சொல்லும் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

அந்த 'உம்' ஒரு நாள் 'உம்' என்பதோடு நில்லாமல், 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று பேசத் தொடங்கினால் என்னவாகும்? சென்ற அரை நூற்றாண்டில் கணினித் திரையில் நிகழ்ந்தது அதுதான். அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் பேச வேண்டிய கட்டாயம் நமக்கு ஒரு மாணவரால் ஏற்பட்டது.

கணினிப் பயன்பாட்டியல் பயிலும் மாணவர் அவர். பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திற்காக நம் வகுப்பில் அமர்பவர். ஆற்றுப்படை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் அருகே வந்து, "ஐயா, கணினி விளையாட்டுக்குக் கதை எழுத எங்கே கற்றுக்கொள்வது?" என்று கேட்டார். "முதலில் தேர்வுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொள் தம்பி" என்று நாம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டுப் போனார். வேடிக்கை போலச் சொன்னாலும் அது வேடிக்கையன்று. தெரியாததை மறைக்க ஆசிரியர்கள் பயன்படுத்தும் பழைய தந்திரம். வீட்டுக்கு வந்தபின் அது உறுத்திற்று. படிக்கத் தொடங்கினோம். படித்ததில் தேறியதை இங்கே நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

குகையும் ஒரு தந்தையும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்றொரு சுண்ணாம்புக் குகைத்தொகுதி உள்ளது. இன்றைய அளவீட்டின்படி அதன் நீளம் 400 மைலுக்கும் மேல். 19ஆம் நூற்றாண்டில் இக்குகையைப் பார்க்க வந்த பயணிகளுக்கு வழிகாட்டியவர்களுள் தலையாயவர் ஸ்டீபன் பிஷப் என்னும் அடிமை. 1838இல் இங்கே கொண்டுவரப்பட்ட அவர், அதுவரை எவரும் கடந்திராத பெரும்பள்ளம் ஒன்றைக் கடந்து குகையின் புதிய பகுதிகளைக் கண்டார். 1842இல் தம் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். 1856இல் விடுதலை பெற்று, மறு ஆண்டே மறைந்தார். இருட்டில் ஒருவர் விளக்கேந்தி முன்னே நடந்து, 'இங்கே குனியுங்கள், இடப்பக்கம் திரும்புங்கள், கீழே நீரோசை கேட்கிறதா?' என்று சொல்லச் சொல்லப் பின்னே நடப்பவர் மனத்தில் ஓர் உலகம் விரிகிறதே, நாம் பேசப்போகும் கலையின் விதை அங்கேயே இருக்கிறது என்பது நம் எண்ணம்.

நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, வில் குரோதர் என்னும் நிரலாளரும் அவர் மனைவி பேட்ரிசியாவும் இதே குகைகளை ஆராயும் குழுவில் இருந்தனர். 1972இல், அருகிலிருந்த ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதியும் மாமத் குகையும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று நிறுவிய குழுவில் பேட்ரிசியா இடம்பெற்றிருந்தார். அந்த இணைப்புக்குக் கொண்டுசென்ற மிகக் குறுகலான இடுக்கினுள் நுழைந்து சென்றவரும் அவரே. குகைக்குள் எடுத்த அளவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்குவது கணவன் மனைவி இருவரின் பணியாக இருந்தது. குரோதர் வேலை பார்த்ததோ போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்னும் நிறுவனத்தில். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு அடித்தளம் அமைத்த நிறுவனம் அது.

பின்னர் மணவாழ்வு முறிந்தது. குழந்தைகள் தம்மோடு இல்லாத வெறுமையும், குகைக்குப் போவது நின்றுபோன ஏக்கமும் குரோதரைச் சூழ்ந்தன. 1975-76 காலத்தில் அவர் ஃபோர்ட்ரான் மொழியில், பிடிபி-10 கணினியில், ஒரு நிரல் எழுதினார். தம்மைப் பார்க்க வரும் மகள்கள் விளையாடுவதற்காக எழுதியது அது. கணினி அறியாதவரும் அஞ்சாமல் அணுகும்படி, அன்றாடச் சொற்களிலேயே கட்டளையிட வழிசெய்தார். படம் கிடையாது, ஒலி கிடையாது. நீங்கள் இன்ன இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரை சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு சொற்களுக்குள் நீங்கள் சொல்ல வேண்டும். அதன்படி கதை நகரும். 'அட்வென்ச்சர்' என்றும் 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' என்றும் வழங்கப்படுவது இதுவே. 1974இல் வெளிவந்திருந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் குரோதருக்கு ஈடுபாடு இருந்தது. அதில் நடத்துநர் ஒருவர் நிலைமையை வருணிப்பார். சுற்றியிருப்போர் தாம் செய்வதைச் சொல்வார்கள். அந்த நடத்துநரின் இடத்தில் குரோதர் கணினியை அமர்த்தினார் எனலாம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த டான் வுட்ஸ் இந்த நிரலைத் தற்செயலாகக் கண்டார். எழுதியவரின் பெயர் மட்டுமே தெரியும், முகவரி தெரியாது. அன்று வலையமைப்பில் இருந்த கணினிகள் சிலவே. ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் 'குரோதர்' என்ற பெயருக்கு மடல் அனுப்பிப் பார்த்தார். பதில் வந்தது. ஒப்புதல் பெற்று 1977இல் அதை விரித்தெழுதினார். புதையல்கள் பெருகின, மதிப்பெண் முறை வந்தது, கடற்கொள்ளையன் வந்தான். அந்த வடிவமே உலகெங்கும் பரவிற்று.

மூலப் படியைத் தேடிய பேராசிரியர்

தமிழ் படித்தவர்களுக்கு இனிக்கும் ஒரு செய்தி இங்கே உண்டு. விரிவாக்கம் பரவியபின் குரோதரின் மூலநிரல் காணாமற்போயிற்று. முதலாமவர் எழுதியது எது, இரண்டாமவர் சேர்த்தது எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. குரோதர் எழுதியது குகையின் நேரிய வருணனை மட்டுமே, மாயமந்திரங்கள் எல்லாம் வுட்ஸின் சேர்க்கை என்று ஒரு கருத்து நிலைபெற்றிருந்தது. பாடலுக்கும் இடைச்செருகலுக்கும் வழக்காடும் நம் பதிப்புலகை இது நினைவூட்டவில்லையா?

டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இதைத் தீர்க்கப் புறப்பட்டார். 2005இல் கென்டக்கி சென்று, விளையாட்டின் வருணனைகளைக் கையில் வைத்துக்கொண்டு உண்மைக் குகைக்குள் நடந்தார். வுட்ஸின் பழைய மாணவர்க் கணக்கிலிருந்த காப்புப் படியிலிருந்து குரோதரின் மூலநிரல் மீட்டெடுக்கப்பட்டது. 2007இல் ஜெர்ஸ் தம் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ 700 வரி நிரலும், அதே அளவு தரவும், 193 சொற்கள் கொண்ட சொற்கோவையும் மூலத்தில் இருந்தன. அதிலேயே குள்ளர்களும் இருந்தனர். மந்திரச் சொல்லும் இருந்தது. குகையின் அமைப்போ பெருமளவு உண்மைக் குகையை ஒத்திருந்தது. சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையரின் மரபில் வந்த நாம், காந்த நாடாவைத் தேடிய இந்தப் பேராசிரியரைப் பங்காளியாகவே ஏற்கலாம்.

இதிலிருந்து விளையாட்டெழுத்தின் முதல் பாடம் கிடைக்கிறது. நன்கு அறிந்த இடத்தை எழுது என்பதே அது. குரோதர் கற்பனையில் குகை கட்டவில்லை. ஊர்ந்து போய் முழங்கால் தேய்ந்த குகையை எழுதினார். எத்தனையோ பேர் அதைக் காணாமலே, காகிதத்தில் வரைபடம் வரைந்து அதனுள் நடந்தார்கள். உண்மைக் குகைக்கு வந்தபோது விளையாட்டின் நினைவாலேயே வழி கண்டவர்களும் உண்டு என்பார்கள்.

இன்னொரு தந்தை

கணினியைத் தொடாமலே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர் எட்வர்ட் பேக்கர்ட் என்னும் வழக்கறிஞர். தம் மகள்களுக்கு இரவில் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கதை ஓடாமல் திணறி, 'அடுத்து அவன் என்ன செய்யலாம்?' என்று அவர்களையே கேட்டார். மகள்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இரண்டு வழிகளிலும் கதையைக் கொண்டுபோனார். 1969இல் அதை நூலாக எழுதினார். பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1976இல்தான் 'சுகர்கேன் ஐலண்ட்' என்னும் அந்நூல் வெளிவந்தது. 1979இல் 'தி கேவ் ஆஃப் டைம்' என்னும் நூலோடு 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசை தொடங்கிற்று. 'உள்ளே நுழைவதென்றால் இந்தப் பக்கம் செல்க, திரும்புவதென்றால் அந்தப் பக்கம் செல்க' என்று வாசகரையே தேர்வு செய்யச் சொல்லும் நூல்கள் அவை. இரு தந்தையர், மகள்களுக்குச் சொன்ன கதைகள், இரண்டிலும் ஒரு குகை! திட்டமிட்டு அமைத்தாலும் இப்படி அமையாது.

கிளைக்கதை எழுதுவோர் முதலில் மோதிக்கொள்வது கணக்கோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் இரு வழிகள் வைத்து, வழிகள் மீண்டும் சேராமலே பத்துத் திருப்பங்கள் கடந்தால் 1024 முடிவுகள் எழுத வேண்டும். வாசகர் ஒரு முறை படிக்கும்போது காண்பது அவற்றுள் ஒன்றை மட்டுமே. ஆயுள் போதாது. ஆகவே கிளைகளை மீண்டும் தண்டோடு சேர்க்கக் கற்க வேண்டும். ஆறு தீவைச் சுற்றி இரண்டாய்ப் பிரிந்து மீண்டும் கூடுவது போல, வழிகள் பிரிந்து கூட வேண்டும். கூடிய பின்னும், வந்த வழியின் ஈரம் காலில் ஒட்டியிருக்க வேண்டும். இடப்பக்க வழியில் கிழவிக்குத் தண்ணீர் கொடுத்தவரும் கொடாமல் வந்தவரும் ஒரே வாயிலை அடையலாம். ஆனால் வாயிற்காவலன் முன்னவரிடம் ஒரு விதமாகவும் பின்னவரிடம் வேறு விதமாகவும் பேச வேண்டும். கதை எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே இக்கலையின் உயிர்நாடி. அச்சுநூல் பக்க எண்ணைக் காட்டலாமே தவிர, வாசகர் முன்பு செய்ததைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளாது. கணினி வைத்துக்கொள்ளும்.

சோதித்தவர்கள் எழுத்தாளரான கதை

1977இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் ஆகிய நால்வர் 'அட்வென்ச்சர்' விளையாடி முடித்தார்கள். முடித்த கையோடு, இதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியும் என்று இறங்கி 'ஸோர்க்' என்ற விளையாட்டை எழுதினார்கள். 1979இல் இவர்களுள் சிலரும் உடன் பணியாற்றியோரும் சேர்ந்து இன்ஃபோகாம் நிறுவனத்தைத் தொடங்கினர். பெருங்கணினியில் எழுதிய 'ஸோர்க்' வீட்டுக் கணினிகளுக்குள் அடங்காத அளவு பெரிது. ஆகவே அது மூன்றாய்ப் பிரித்து வெளியிடப்பட்டது. கணினிதோறும் தனித்தனியே எழுதாமல், கற்பனைப் பொறி ஒன்றுக்காக எழுதி, அப்பொறியைப் போல நடிக்கும் நிரலை மட்டும் ஒவ்வொரு கணினிக்கும் செய்துகொண்டனர். தொடக்க காலக் கதைக்கோப்பின் உச்ச அளவு 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போல் பல மடங்கு பெரிது. மிகைச் சொல் ஒன்று வந்தால் வேறோர் அறையே இடமின்றிப் போகும். சீர் எண்ணி எழுதும் குறள் வெண்பாக்காரரின் நெருக்கடியை ஒத்தது இது.

இன்ஃபோகாமின் 'ஸோர்க்' இரண்டு சொல்லோடு நிற்கவில்லை. 'விளக்கையும் வாளையும் எடுத்துப் பைக்குள் வை' என்பது போன்ற முழுத்தொடரையும் அது புரிந்துகொண்டது. இதனால் எழுதுபவர் வேலை இரட்டித்தது. வாசகர் என்னவெல்லாம் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அத்தனைக்கும் மறுமொழி எழுதிவைக்க வேண்டும். வாசகர் வாளால் விளக்கை வெட்டலாம், விளக்கை உண்ண முயலலாம், விளக்கோடு பேசலாம். 'முடியாது' என்ற ஒரே விடையை நூறு முறை சொல்லும் விளையாட்டை எவரும் விரும்பமாட்டார். தோல்விக்கும் சுவையான ஒரு வரி வேண்டும். சிறுகதையாசிரியர் கதைமாந்தர் செய்ததை எழுதினால் போதும். விளையாட்டாசிரியரோ செய்யாமல் விட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதை எங்கே கற்றார்கள்? பள்ளி கிடையாது, பாடநூல் கிடையாது. ஸ்டீவ் மெரெட்ஸ்கி என்பவர் கட்டுமான மேலாண்மை படித்துக் கட்டடத் தொழிலில் இருந்தவர். அவருடைய அறைத்தோழர் இன்ஃபோகாமுக்காக விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை சொல்பவர். அவ்வழியே மெரெட்ஸ்கியும் சோதிப்பவரானார். பிறகு எழுதத் தொடங்கினார். 1983இல் வெளிவந்த அவருடைய முதல் படைப்பு 'பிளானட்ஃபால்'. அதில் ஃபிளாய்ட் என்றொரு பொம்மை மனிதன் வருவான். குழந்தைபோல ஓயாமல் பேசுவான், விளையாட அழைப்பான், பின்னாலேயே வருவான். ஒரு கட்டத்தில் நமக்காக ஆபத்தான அறைக்குள் ஓடி, உயிர் துறப்பான். அந்த இடத்தில் அழுததாக விளையாடியவர் பலர் சொல்லியிருக்கிறார்கள். சில வரிச் சாவு ஒன்று அழவைத்ததற்குக் காரணம் அந்த வரிகள் அல்ல. அதற்கு முன்பு மணிக்கணக்கில் அவன் நம்மைத் தொந்தரவு செய்திருந்ததுதான். 1987இல் 'பிளண்டர்ட் ஹார்ட்ஸ்' எழுதிய எமி பிரிக்ஸும் சோதிப்பவராக நுழைந்து எழுத்தாளரானவரே.

மெரெட்ஸ்கி 1985இல் எழுதிய 'எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்' வேறு தரத்தது. தன்னை மனிதனென்று நம்பி வளர்ந்த கணினி மனம் ஒன்று, அரசின் திட்டமொன்றால் ஒரு நகரம் வருங்காலத்தில் என்னவாகும் என்று பத்துப் பத்து ஆண்டுகளாய்த் தாண்டித் தாண்டிச் சென்று பார்க்கிறது. புதிர்கள் மிகக் குறைவு. அதே தெருக்களில் திரும்பத் திரும்ப நடப்பதுதான் கதை. ஒவ்வொரு முறையும் தெரு சற்றே கெட்டிருக்கும். 1986இல் பிரையன் மோரியார்ட்டி அணுகுண்டின் வரலாற்றை வைத்து 'டிரினிட்டி' எழுதினார். விளையாட்டு வடிவம் இத்தகைய பாரங்களையும் தாங்கும் என்பதற்கு இவை சான்று.

ஆயினும் நிறுவனம் தழைக்கவில்லை. 1985இல் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள் ஒன்று கைகொடாமல் நட்டத்தில் ஆழ்த்திற்று. மறுபுறம் படங்களோடு வந்த விளையாட்டுகள் சந்தையைப் பிடித்தன. 1986இல் ஆக்டிவிஷன் அதை வாங்கியது. 1989இல் மாசாசூசெட்ஸில் இருந்த அலுவலகம் மூடப்பட்டது.

பெற்றவர் பெறாதவருக்குக் காட்டிய வழி

ஆற்றுப்படை இலக்கணத்தை நாம் அறிவோம். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வழியில் எதிர்ப்படும் வறியவனிடம், 'நீ இன்ன வழியே செல்; இன்ன ஊர் வரும்; அங்கே இன்னார் உனக்கு இன்ன உணவு தருவர்' என்று ஆற்றுப்படுத்துவது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. முன்னிலையில் ஒருவரை நிறுத்தி, நிலம் நிலமாக நடத்திச் செல்லும் இந்த அமைப்பை, 'நீ' என்று விளித்து அறை அறையாக நடத்திச் செல்லும் கணினிக் கதையோடு ஒப்பிட்டால் மிகையாகாது. வேறுபாடு ஒன்று உண்டு. ஆற்றுப்படையில் பாணன் எதிர்த்துப் பேசமாட்டான். 'அவ்வழியே போகமாட்டேன்' என்று அவன் சொன்னால் புலவர் என்ன செய்திருப்பார் என்பதே விளையாட்டெழுத்தின் கேள்வி.

1989க்குப் பின் இக்கலை பிழைத்ததும் ஆற்றுப்படுத்தியவர்களால்தான். ஆர்வலர்கள் இன்ஃபோகாமின் கற்பனைப் பொறி எவ்வாறு இயங்கியது என்பதைக் கோப்புகளிலிருந்தே துப்பறிந்து வெளிக்கொணர்ந்தனர். 1993இல் கிரகாம் நெல்சன் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலார், அதே பொறிக்குப் புதிய கதைகள் எழுத 'இன்ஃபார்ம்' என்ற மொழியை உருவாக்கி இலவசமாகத் தந்தார். அதிலேயே 'கர்சஸ்' என்ற விளையாட்டையும் எழுதிக் காட்டினார். விளையாடுபவருக்குள்ள உரிமைகள் எவை என்று பட்டியலிட்டு அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் முதல் இலக்கண நூல்களுள் ஒன்று எனத் தகும். முன்னறிவிப்பின்றிக் கொல்லாதே, செத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையை வைக்காதே என்பன போன்ற நெறிகள் அதில் உள்ளன. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பல் என்ற நம் கொள்கை அங்கும் செல்லுபடியாகிறது.

1995இல் ஆண்டுதோறும் நடக்கும் போட்டியொன்று தொடங்கிற்று. இரண்டு மணி நேரத்தில் விளையாடித் தீர்ப்புச் சொல்லக்கூடிய சிறிய படைப்புகளுக்கான போட்டி அது. சிறுகதை வளர இதழ்கள் எப்படி உதவினவோ அப்படி இது உதவிற்று. 1998இல் அப்போட்டியில் வென்ற ஆடம் கேட்ரேயின் 'ஃபோட்டோபியா'வில் புதிர் ஏறத்தாழ இல்லை. நடக்கப்போவதைத் தடுக்க முடியாமல் பார்த்திருப்பதே அதன் வலி. 2000இல் எமிலி ஷார்ட் எழுதிய 'கலாட்டியா'வில் ஒரே அறை, ஒரே சிலை, ஒரே உரையாடல். கேட்கும் கேள்விக்கேற்ப முடிவு பலவாகும். 2006இல் இன்ஃபார்மின் புதிய வடிவம் இயல்பான ஆங்கிலத் தொடர்களையே நிரலாக ஏற்றது. 2009இல் கிறிஸ் கிளிமாஸ் 'டுவைன்' கருவியை வெளியிட்டார். நிரல் அறியாதவரும் கட்டம் கட்டமாகக் கதையெழுதிக் கோடிட்டு இணைத்துவிடலாம். 2014இல் ஜூல்ஸ் வெர்னின் உலகப்பயண நாவலைத் தழுவி, மெக் ஜெயந்த் எழுத்தில் இங்க்கிள் நிறுவனம் வெளியிட்ட '80 டேஸ்' பரவலாகப் பேசப்பட்டது. அதற்குப் பயன்பட்ட 'இங்க்' என்னும் எழுத்துமொழியை 2016இல் அந்நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2019இல் இன்ஃபோகாம் விளையாட்டுகளின் மூலநிரல்களும் பொதுவெளியில் வைக்கப்பட்டன. இன்று கற்க விரும்புபவருக்குக் கருவிக்கும் பஞ்சமில்லை, முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை.

தமிழில் ஒரு கட்டளை

மாணவரை மறுபடி அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பெரும்பாலானவை அவருக்கு முன்பே தெரிந்திருந்தன என்பது பின்னர்தான் தெரிந்தது! அவருடைய இடர்ப்பாடு வேறு. தமிழில் தட்டச்சிடும் கட்டளையைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னும் பொருள் பின்னும் வரும். இரண்டு சொல்லும் உருமாறா. அட்வென்ச்சர் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே பார்த்தது. தமிழிலோ 'விளக்கை எடு', 'விளக்கால் பார்', 'விளக்கில் எண்ணெய் ஊற்று' என்று ஒரே விளக்கு வேற்றுமைதோறும் உருமாறும்.

இங்கே நமக்கும் ஒரு வேலை கிடைத்தது. நம் மொழியில் உருபுகள் சொல்லின் இறுதியில்தான் ஒட்டும், தலை மாறாது. ஆகவே குரோதர் செய்த தந்திரம் தமிழுக்கும் ஓரளவு பொருந்தும். 'விளக்' வரை பார்த்தால் மூன்றும் ஒன்றே. ஆனால் 'மரம்' என்பது 'மரத்தை' ஆகும்போது மகரம் கெட்டு, அத்துச் சாரியை வந்துவிடும். 'மர' வரை மட்டும் பார்த்தால் மரமும் மரபும் ஒன்றாகிவிடும். நன்னூலின் உருபுப் புணரியலை எடுத்து வைத்துக்கொண்டு, சாரியை பெறும் சொற்கள் எவை, பெறாதவை எவை என்று இருவரும் ஒரு மாலை முழுவதும் பட்டியலிட்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பகுதியை நடத்திவருகிறோம். 'இது எதற்கு ஐயா?' என்று கேட்காமல் ஒரு மாணவர் அதைக் கற்றது அன்றுதான்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது தம் பாட்டியின் வீட்டை. சாலையை அகலப்படுத்தும்போது இடிபட்டுப் போன வீடு. பாட்டியும் இப்போது இல்லை. திண்ணை, நடை, தானியம் கொட்டும் குதிர், அடுக்களை, கொல்லைக் கிணறு என்று பதினான்கு இடங்கள். அரக்கன் இல்லை, புதையல் இல்லை. பாட்டி எங்கோ வைத்துவிட்ட சாவிக்கொத்தைத் தேடுவதுதான் கதை. கல்லூரிக் கணினி அறையில் நம்மை அமர்த்தி விளையாடச் சொன்னார். திண்ணையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சொல்லாய்த் தட்டச்சிட்டு, கொல்லைக்குப் போனோம். கிணற்றடி வந்தது. கிராமத்தில் வளர்ந்தவர் கிணற்றைக் கண்டால் முதலில் செய்வதை நாமும் செய்தோம். 'கிணற்றுக்குள் கூப்பிடு' என்று தட்டினோம்.

'அது புரியவில்லை' என்றது திரை.

மாணவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்களும் கூப்பிடுவோம் ஐயா, எதிரொலிக்கும். எப்படி மறந்தேன்?" என்றவர், குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். அதில் ஏற்கெனவே நாற்பதுக்கு மேல் குறிப்புகள் இருந்தன. எல்லாம் நண்பர்கள் தட்டச்சிட்டு, விளையாட்டு புரியாமல் விழித்த கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு மறுமொழி எழுதி வைத்திருந்தார்.

எங்கே கற்பது என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் குறிப்பேடே விடை என்று நமக்குத் தோன்றுகிறது. மெரெட்ஸ்கியும் பிரிக்ஸும் கற்ற பள்ளி அதுதான். உம் கொட்டுபவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்பது. கேட்டபின் கதைக்குத் திரும்பிப் போய் அதற்கோர் இடம் ஒதுக்குவது.

அடுத்த வாரம் மறுபடி விளையாட அழைத்திருக்கிறார். குதிருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டுமென்று நமக்கு ஓர் எண்ணம். அவரிடம் சொல்லவில்லை.